வூடும் வுடும்

தையல் மெஷினில் என் கால் நின்றால் எங்கள் நாய் எழுந்துவிடுவான். மாலை ஐந்து மணிக்கு அவனுக்கு அதுதான் அடையாளம். நான் நூலை அறுத்து, கத்தரிக்கோலை டப்பாவில் போட்டு, மடியில் ஒட்டிய பிசிறுகளைத் தட்டிவிட்டு எழுவதற்குள் கதவுக்கும் எனக்கும் நடுவே ஏழெட்டுத் தடவை போய்வந்திருப்பான். ஆணியில் தொங்கும் சங்கிலியைத் தொட்டுவிட்டால் அவ்வளவுதான், உடம்பு முழுக்க வாலாகிவிடும்.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான். காலையிலிருந்து குனிந்தபடி ஜாக்கெட் தைக்கிறவளுக்கு ரோடு என்பதே மாலையில்தான் கண்ணில் படும். தூங்குமூஞ்சி மரங்கள், சைக்கிள்கள், ஷிஃப்ட் முடிந்து வருகிற முகங்கள், அவர்கள் போகிற போக்கில் எறிந்துவிட்டுப் போகிற பேச்சு. பேச்சு என்றால் எனக்கு உயிர். எட்டாவதோடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் அளவு கொடுக்க வந்தவர்களின் வாயிலிருந்துதான். என் அளவு நோட்டின் முன்பக்கத்தில் கை நீளமும் கழுத்து இறக்கமும் இருக்கும். பின்பக்கத்திலிருந்து புரட்டினால் அவர்கள் சொல்லிவிட்டுப் போன பழமொழிகள் இருக்கும். ஆக, தினமும் ஐந்து மணிக்கு ஒரே சங்கிலியின் இரண்டு முனையிலும் பரபரத்துக்கொண்டு இரண்டு ஜீவன்கள் கிளம்புவோம்.

அவன் ஒரு மழைநாளில் எங்கள் குவார்ட்டர்ஸ் மாடிப்படிக்கு அடியில் வந்து ஒதுங்கியவன். நாட்டு நாய்தான். செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். தடுப்பூசி எல்லாம் ஒழுங்காகப் போட்டோம். நான் சொல்லப்போகிற சமயத்தில் பத்து மாதம் முடிந்திருந்தது. பத்து மாதத்து நாய்க்கு வயசு குட்டியுடையது, பல் பெரிய நாயினுடையது. ரொம்பச் சங்கடமான பருவம்.

எங்கள் குடியிருப்பு வட்டத்து ரோட்டில் நேராகப் போனால் கடைசியில் பஸ் நிழற்குடை வரும். அங்கே திரும்பி வீட்டுக்கு வரவேண்டும். போகும்போது தங்கம். மரத்துக்கு மரம் மோந்து பார்த்து, யாராவது வந்தால் ஓரம் ஒதுங்கி, பார்க்கிறவர்கள் "என்னா அடக்கம்" என்று சொல்லும்படி வருவான். திரும்புகிற இடத்தில்தான் வினை. நான் திரும்பி இரண்டடி வைப்பதற்குள் ஒரு எகிறு எகிறுவான். முன்காலிரண்டும் என் தோளில். வாயில் முதலில் சங்கிலி, அடுத்து என் முந்தானை, அடுத்து ஜாக்கெட்டின் கை, கடைசியில் கை. கோபக் கடி இல்லை அது. வால் ஆடிக்கொண்டேதான் இருக்கும். ஆனால் வால் ஆடுவது பல்லுக்குத் தெரியாது. வீட்டுக்குள் வந்து பார்த்தால் முழங்கைக்குக் கீழே வரிவரியாகக் கன்றிப்போயிருக்கும்.

நான் கத்துவேன். நான் பிறந்தது குறிஞ்சிப்பாடிப் பக்கம். 'விடு' என்று எழுதுவோமே தவிர, வாயில் 'வுடு' என்றுதான் வரும். "வுடு, வுடு, வுடுடா" என்று ரோடெல்லாம் கேட்கக் கத்துவேன். கத்தக் கத்த அவனுக்குக் குஷி ஏறும். இன்னும் உயரமாக எகிறுவான்.

இந்தக் கூத்துக்குப் பார்வையாளர்கள் நிறைய. ஜெனரல் ஷிஃப்ட் முடிந்து வருகிற நேரம் வேறு.

"யார் யாரை வாக்கிங் கூட்டிகினு போறது?" என்பார் ஒருவர் சைக்கிளை நிறுத்தாமலே.

"அடியாத மாடு படியாதும்மா. ஒண்ணு போடு" என்பார் அடுத்தவர்.

"நாய் வால நிமித்த பாக்குது இந்தம்மா" என்று அவருக்குப் பின்னால் வருகிறவர்.

பால்காரர் மட்டும் நின்று, எங்களை மேலும் கீழும் பார்த்து, "சந்தோசத்துக்கும் பல்லு மொளைக்கும்போல" என்றார். கடி வாங்கிக்கொண்டே அதை மனதில் எழுதிக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக நோட்டில் ஏற்றினேன். மருந்து அதற்குப் பிறகுதான் போட்டேன்.

இதெல்லாம் சிரிப்போடு போய்க்கொண்டிருந்தது, அந்தத் திங்கட்கிழமை வரைக்கும்.

எங்கள் மேல்வீட்டில் ஒரு டீச்சர் இருக்கிறார். திருநெல்வேலிப் பக்கம். அவர் கணவருக்கு அனல்மின் நிலையத்தில் வேலை, இவருக்கு இங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில். அன்றைக்கு நாங்கள் திரும்பி வரும்போது விடைத்தாள் கட்டை மார்போடு அணைத்துக்கொண்டு எதிரே வந்தார். இவன் அப்போதுதான் உச்சத்தில் இருந்தான். நான் "வுடு வுடு" என்று கத்திக்கொண்டே சங்கிலியை இழுக்க, அவன் என்னை விட்டுவிட்டு டீச்சர் மேல் எகிறினான். தாள்கள் ரோடெல்லாம் பறந்தன. டீச்சரின் மணிக்கட்டு அவன் வாயில் இருந்தது.

ஒரு விநாடிதான். ஆனால் டீச்சர் முகம் வெளுத்துவிட்டது. குழாயடியில் சோப்புப் போட்டு வெகுநேரம் கழுவவைத்து, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். தோலில் லேசான சிராய்ப்பு. ஊசி போட்டார்கள், மறுபடி வரவேண்டிய நாட்களைச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். டீச்சர் அந்தச் சீட்டை நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தார். "பரவாயில்லக்கா, குட்டிதான" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

அன்றைக்கு என் வீட்டுக்காரர் சாப்பிடும்போது தட்டைப் பார்த்தபடியே பேசினார். அவர் சுரங்கத்தில் பெல்ட் செக்ஷன். பழுப்பு நிலக்கரியைச் சுமந்துகொண்டு மைல் கணக்கில் ஓடுகிறதே ரப்பர் பெல்ட், அதன் மேலே ஒரு கண்ணை வைத்துக்கொண்டே இருக்கிற வேலை. அந்த வேலை பார்த்துப் பார்த்து எதற்கும் சத்தம் போடாத மனுஷன்.

"ஞாயித்துக்கிழம அண்ணன் வராரு. தோப்புக்கு நாய் வோணும்னு கேட்டுகினே இருக்காரு. குடுத்து அனுப்பிடலாம்."

அவர் அண்ணனுக்குக் குள்ளஞ்சாவடிப் பக்கத்தில் முந்திரித் தோப்பு. அங்கே நாய் என்றால் கொட்டாய்க் கால், இரும்புச் சங்கிலி, காவல். அவ்வளவுதான். மனுஷ முகம் பார்ப்பதே பொழுது சாயும்போதுதான்.

"ஆளப் பாத்தாலே குதிக்கிற புள்ளைய ஆளில்லாத எடத்துல கட்டுவீங்களா?" என்றேன்.

"டீச்சரு கையப் பாத்த இல்ல? இது கம்பெனி வூடு. நாளைக்கு யாராவது கம்ப்ளைன்ட் குடுத்தா இன்னா பதில் சொல்றது? இன்னைக்கு டீச்சரு. நாளைக்கு ஒரு கொழந்தையா இருந்தா?"

அவர் சோற்றைப் பாதியிலேயே வைத்துவிட்டு எழுந்து, மீதியைக் கொண்டுபோய் அவன் கிண்ணத்தில் போட்டார். அப்போதுதான் தெரிந்தது, அவருக்கும் மனசு இல்லை என்று.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள அவன் குதிக்காம நடந்துட்டா?" என்று கேட்டேன்.

"நடக்கட்டும். நான் வோணாம்னா சொல்றேன்?"

ஆறு நாள். எனக்குள் மெஷின் மோட்டார் போட்டதுபோல் ஓட ஆரம்பித்துவிட்டது. செல்போனில் நாய் பழக்குகிறவர்களின் வீடியோக்களைத் தேடித் தேடிப் பார்த்தேன். பாதிப் பேர் இங்கிலீஷ், மீதிப் பேர் இந்தி. கையசைப்பை வைத்தே புரிந்துகொண்டேன். எல்லோரும் சொன்ன ஒரு விஷயம்: நாய் எகிறும்போது கத்தாதே, இழுக்காதே, தள்ளாதே, மரம்போல நில். தள்ளுவதும் கத்துவதும் அதற்கு விளையாட்டு.

செவ்வாய்க்கிழமை மரமானேன். நிழற்குடையில் திரும்பி, அவன் எகிறியதும், கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்து நின்றேன். அவன் முந்தானையை இழுக்கிறான், நான் மரம். முழங்கையைக் கவ்வுகிறான், நான் மரம். அந்தப் பக்கம் வந்த ஒரு அம்மா, "இன்னாங்க, வேண்டுதலா?" என்று கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மரம் சிரித்தால் என்ன ஆகும், அவன் இன்னும் எகிறினான். பொறுக்க முடியாமல் "வுடுறா" என்று ஒரு கத்து கத்தினேன். வீடு வரைக்கும் ஒரே துவம்சம்.

புதன்கிழமையும் அதே கதை. வாசலுக்கே வந்துவிட்டோம், அவன் இன்னும் சங்கிலியை வாயில் கவ்வி உலுக்கிக்கொண்டிருந்தான். ஜாக்கெட் கை கிழிந்து தொங்கியது. நான் தைத்ததுதான், அதனால் கிழிகிற சத்தம்கூட எனக்குத் தெரிந்த சத்தமாக இருந்தது. கண்ணில் தண்ணீர் முட்ட, "வுடு, வுடு, வுடேன்டா" என்று அழாக்குறையாகக் கத்தினேன்.

மேலே பால்கனியிலிருந்து டீச்சர் எட்டிப்பார்த்தார்.

"அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? தப்பா நினைக்கக் கூடாது."

"கேளுங்க டீச்சர்."

"அதான் வீட்டுக்கு வந்துட்டீங்கல்லா. இன்னும் எதுக்கு வீடு வீடுன்னு சத்தம் போடுதீங்க?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "வீடா? நான் எப்ப வீடுன்னேன்?"

"வூடு வூடுன்னு சொல்லுதீங்க. தெனமும் கேக்கேன். அந்த முக்குல திரும்பும்போதே ஆரம்பிச்சிருதீங்க. நீங்க வீட்டுக்குக் கூப்பிடுதீங்க, அது சந்தோசத்துல குதிக்கி, அப்புறம் நீங்களே அதப் போட்டு ஏசுதீங்க. எனக்கு ஒண்ணும் வெளங்கல."

"ஐயோ டீச்சர், நான் வூடுன்னு சொல்லல. வுடுன்னு சொல்றேன்."

"அதத்தான நானும் சொல்லுதேன். வூடுன்னு."

"வூடு வேற டீச்சர், வுடு வேற. வூடுன்னா இது." சுவரைத் தட்டிக் காட்டினேன். "வுடுன்னா, வாயில இருக்கறத வுடுன்னு."

டீச்சர் ஒரு நிமிஷம் யோசித்தார். "எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கு. ஏழு வருசமா மேல குடியிருக்க எனக்கே இந்தக் கதின்னா, பத்து மாசக் குட்டி பாவம் என்ன செய்யும்?"

நான் அப்படியே படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

ஏனென்றால், தினமும் நிழற்குடையில் திரும்பும்போது நான் அவனிடம் சொல்வது, "வா, வூட்டுக்குப் போலாம். வூடு, வூடு." ஆசையாகச் சொல்வேன். குட்டியாக இருந்த நாளிலிருந்தே சொல்கிறேன். வீட்டுக்கு வந்ததும் அவனுக்குத் தயிர்ச்சோறு. அதை முடித்ததும் விளையாட்டு. என்ன விளையாட்டு? வெட்டிப்போட்ட துணி மூட்டையிலிருந்து ஒரு நீளத் துண்டை உருவி ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை அவன் கவ்வி இழுக்க, இரண்டு பேரும் கூடத்தில் உருளுவோம். அப்போதும் கூடக்கூட, "இதான் நம்ம வூடு, இதான் நம்ம வூடு" என்று நான் பாடுவேன். ஆக, அவன் அகராதியில் வூடு என்றால் சுவரும் கூரையும் இல்லை. துணியைக் கவ்வி இழு என்று அர்த்தம். நிழற்குடையில் அந்த வார்த்தையைக் கேட்டதும் கைக்கு எட்டிய துணியை, அதாவது என் முந்தானையை, கவ்வி இழுத்திருக்கிறான். நான் பதறி "வுடு" என்று கத்தியிருக்கிறேன். பேசும்போது குறிலாக இருப்பது கத்தும்போது நெடிலாகிவிடுகிறது. "வூடூ" என்று அவன் காதில் விழுந்திருக்கிறது. சரி, அம்மாவுக்கு இன்னும் வேணுமாம் என்று இன்னும் பலமாக இழுத்திருக்கிறான். சொன்னதைச் செய்கிற ஒரே ஆள் இந்த வீட்டில் அவன்தான்.

உள்ளே ஓடினேன். என் வீட்டுக்காரர் முதல் ஷிஃப்ட் முடித்து வந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

"இங்க பாருங்க, ஒண்ணு காட்டறேன்."

சங்கிலியைக் கழற்றினேன். நாய் போய் மெஷினுக்கு அடியில் படுத்து மூச்சு வாங்கியது. நான் கூடத்தின் நடுவில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, ரோட்டில் கத்துகிற அதே குரலில் "வுடு" என்று கத்தினேன்.

அவன் எழுந்தான். நேரே துணி மூட்டைக்குப் போனான். ஊதா நிறத்தில் ஒரு நீளத் துண்டை உருவினான். கொண்டுவந்து என் காலடியில் நின்று, இந்தா பிடி என்று முகத்தை நீட்டினான்.

மாடியிலிருந்து இறங்கி வந்து வாசலுக்கு வெளியிலேயே நின்று பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் ஊசி போட்ட கையால் வாயைப் பொத்திக்கொண்டார். என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார்.

"தவள தன் வாயால கெடும்னு எங்க ஊர்ல சொல்வாங்க" என்றேன். "நான் நாய் வாயக் கட்டணும்னு பாத்துகினு இருந்தேன். கட்டவேண்டியது என் வாய."

இனி வேறு வார்த்தை வேண்டும். அங்கேயே மாநாடு கூடிவிட்டது.

"விட்டுருன்னு சொல்லுங்க" என்றார் டீச்சர்.

"அதுவும் என் வாய்ல வந்தா வுட்டுருன்னு ஆயிடும் டீச்சர்."

"அப்ப வீட்டுக்கு வேற பேரு வைங்க."

"குவார்ட்டர்ஸ்னு சொல்லு" என்றார் என் வீட்டுக்காரர்.

"அப்ப உங்க அண்ணன் எகிறுவாரு."

அவர் சிரிக்கக் கூடாது என்று இருந்தவர், சிரித்துவிட்டார். பிறகு மடித்த பேப்பரை ஓரமாக வைத்துவிட்டு, யாரிடமோ சொல்வதுபோல், "ட்ரிப்னு சொல்லிப் பாரேன்" என்றார்.

"ட்ரிப்பா?"

"பெல்ட்டுல ஏதாவது மாட்டிகிச்சின்னா பக்கத்துல கவுறு இருக்கும், இழுத்துட்டா ட்ரிப் ஆயிடும். எவ்ளோ வேகத்துல ஓடினாலும் நின்னுதான் ஆவணும். ட்ரிப். சின்ன வார்த்த. வூடு மாதிரியும் இல்ல, வுடு மாதிரியும் இல்ல."

அன்றைக்கே ஆரம்பித்தோம். துணி இழுக்கிற விளையாட்டை நிறுத்தவில்லை, சட்டத்தை மாற்றினோம். அவன் ஊதாத் துண்டைக் கவ்வுவான். நான் இழுக்காமல் கையைத் தளர்த்தி, மூக்கருகே பொரித்த நெத்திலிக் கருவாடு ஒன்றை நீட்டுவேன். கருவாட்டு வாசனைக்கு எந்த வாய்தான் மூடியிருக்கும்? வாய் திறந்து துணி விழுகிற அந்த விநாடியில் "ட்ரிப்" என்பேன். ஒரே ஒரு தடவை. அப்புறம் துணியைத் திருப்பி அவனுக்கே கொடுப்பேன். விட்டாலும் திரும்பக் கிடைக்கும் என்று அவனுக்குத் தெரியவேண்டும். பத்துத் தடவை, இருபது தடவை. மறுநாள் காலையில் முதலில் "ட்ரிப்" சொன்னேன், கருவாட்டைப் பிறகு காட்டினேன். துணி விழுந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அளவு கொடுக்க வந்து உட்கார்ந்திருந்த ஒரு அம்மாவைக் கட்டிப்பிடித்துவிட்டேன். அவர் ஏன் என்று கேட்கவில்லை, நல்ல மனுஷி.

அவரேதான் ஒரு யோசனையும் சொன்னார். "வெறும் வாய மெல்றவளுக்கு ஒரு புடி அவல் கெடச்ச மாதிரின்னு சொல்வாங்க. நீ அவலக் குடேன். வாய் சும்மா இருந்தாத்தானே உன் கைய மெல்லுது?" விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அன்று மாலையே ஒரு பையில் கெட்டி அவலை அள்ளிக்கொண்டேன். நிழற்குடைக்கு நாலடி முன்னாலேயே, அவன் கண் பளபளக்கத் தொடங்கும்போதே, ஒரு பிடியைப் புல்லில் இறைத்தேன். மூக்கு கீழே போனது. ஒவ்வொரு அவலாகத் தேடித் தேடித் தின்றான். தலை கீழே இருக்கிற நாயால் எகிற முடியாது. அவன் தேடி முடிப்பதற்குள் பரபரப்பு பாதி வடிந்துவிட்டது. "வூடு" என்ற வார்த்தையை நான் சொல்லவே இல்லை. பேசாமல் திரும்பி நடந்தேன். அவனும் நடந்தான். கொஞ்ச தூரம் போனதும் ஒரு தடவை எகிறினான், சங்கிலியைக் கவ்வினான். "ட்ரிப்." விட்டான்.

சைக்கிளில் போன ஒருவர், "இன்னாம்மா, இன்னைக்கு கூத்து லீவா?" என்று ஏமாற்றத்தோடு கேட்டார்.

வெள்ளிக்கிழமை டீச்சர் கீழே இறங்கி வந்தார். "நானும் பழகிக்கிடுதேன். படியிறங்கும்போதெல்லாம் நெஞ்சு அடிச்சிக்கிட்டு இருந்தா எப்படி?" என்றார். கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு கூடத்தின் ஓரத்தில் நின்றபடியே "ட்ரிப்" என்றார். வகுப்பில் ஐம்பது பேரை ஒரே சொல்லில் உட்காரவைக்கிற குரல் அது. நாய் துணியைப் போட்டுவிட்டுத் தானாகவே உட்கார்ந்தும்விட்டான். உட்காரு என்று யாரும் சொல்லவில்லை. டீச்சருக்குப் பெருமை தாங்கவில்லை. சனிக்கிழமை இரண்டு வேளையும் வந்தார். கருவாடு தின்னாத டீச்சர், கருவாட்டை விரல் நுனியில் பிடித்து நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணன் பத்து மணிக்குத்தான் வருவார் என்று நினைத்து, அதற்கு முன் ஒரு ஒத்திகையாக ஆறரைக்கு நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பினேன். வாசலைத் தாண்டவில்லை. டீச்சர் பால் பாக்கெட் எடுக்கக் கீழே வந்திருந்தார். என் வீட்டுக்காரர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஒரு சின்ன லோடு வண்டி வந்து நின்றது. அண்ணன் இறங்கினார். ஒரு தோளில் துண்டு, கையில் புது இரும்புச் சங்கிலி.

"வாங்க மாமா" என்றேன்.

அவர் நல்லவர். நாயைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. குனிந்து, அவன் முகத்துக்கு நேரே, ஆசை ஆசையாகக் கேட்டார்:

"இன்னாடா, வூட்டுக்குப் போலாமா? நம்ம வூட்டுக்கு?"

நாங்கள் மூன்று பேரும் மூச்சை நிறுத்தினோம். இந்த வார்த்தையை நாலு நாளாக எங்கள் வீட்டில் யாரும் உச்சரிக்கவில்லை. இவர் ஒரே மூச்சில் இரண்டு தடவை சொல்லிவிட்டார்.

நாய் எகிறினான். அந்த மாதிரி ஒரு எகிறை நான் பார்த்ததில்லை. அண்ணன் தோளிலிருந்த துண்டு அவன் வாயில். துண்டின் மறுமுனை அண்ணன் கையில்.

"வுடு" என்றார் அண்ணன். அவரும் எங்கள் பக்கத்து ஆள்தானே. "வுடு, வுடுடா."

அவன் பின்காலை ஊன்றி, தலையை ஆட்டி ஆட்டி இழுத்தான். அண்ணன் இழுக்க, அவன் இழுக்க, இரும்புச் சங்கிலி கீழே விழுந்து சத்தம் போட, அவனுக்கு ஒரே திருவிழா. "ட்ரிப்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் "வு" வரைக்கும் வந்து, மீதியை விழுங்குவதைப் பார்த்தேன்.

"ட்ரிப்."

டீச்சர். பால் பாக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு, நின்ற இடத்திலேயே நின்று, ஒரே ஒரு தடவை.

அவன் காது திரும்பியது. துண்டு இன்னும் வாயில்தான். அண்ணன் மறுபடி என்னவோ சொல்லப்போனார். என் வீட்டுக்காரர் அவர் கையைப் பிடித்து, "ண்ணா, பேசாத. இழுக்காத. சும்மா நில்லு" என்றார். அண்ணன் ஒன்றும் புரியாமல் மரமாக நின்றார். எல்லோருமே மரமாக நின்றோம். வண்டி டிரைவர்கூட ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அசையாமல் இருந்தார். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு என்று நான் மனதுக்குள் தையல் எண்ணுவதுபோல் எண்ணினேன். ஆறு எண்ணும்போது வாய் திறந்தது. துண்டு விழுந்தது. அவன் டீச்சர் முன்னால் போய் உட்கார்ந்தான்.

டீச்சரிடம் கொடுக்க ஒன்றுமில்லை. ஊசி போட்ட அந்தக் கையை மெதுவாக நீட்டி, மடிந்த காதைத் தொட்டார். தொட்டுவிட்டு உடனே எடுத்துக்கொண்டார். பிறகு மறுபடி வைத்தார்.

அண்ணன் துண்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நாலு ஓட்டை. "இன்னாத்த சொன்னாங்க அந்தம்மா? அது இன்னா வார்த்த?"

என் வீட்டுக்காரர் விளக்கினார். பெல்ட், கவுறு, ட்ரிப், எல்லாம். அண்ணன் பொறுமையாகக் கேட்டார்.

"சரிதான். மைன்ஸ் பாஷ கத்துகினு இருக்குது. இதக் கூட்டிகினு போயி நான் தோப்புல கட்டினா, அங்க யாரு வந்து ட்ரிப் சொல்றது? நான் வேற நாய் பாத்துக்கறேன்." பிறகு நாயைப் பார்த்து, "இன்னா, பெர்மனென்ட் ஆயிட்டியா?" என்றார்.

"பெர்மனென்ட் எல்லாம் இல்ல" என்றார் என் வீட்டுக்காரர். "இப்போதிக்கு கான்ட்ராக்ட்தான். மாசா மாசம் பாக்கணும்." கீழே விழுந்த இரும்புச் சங்கிலியை அவரே குனிந்து எடுத்து, அண்ணன் வண்டியில் வைத்தார்.

அவர்கள் இரண்டு பேரும் டீ குடிக்க உள்ளே போனார்கள். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு வாக்கிங் கிளம்பினேன். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. டீச்சர் பால் பாக்கெட்டைப் படியிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்.

"குடுங்கக்கா, அந்த முக்கு வரைக்கும் நான் புடிக்கேன்."

சங்கிலியைக் கொடுத்தேன். நான் அவல் பையோடு பக்கத்தில் நடந்தேன். காலை வெயில் மரத்தடியில் விட்டுவிட்டு விழுந்துகிடந்தது. நைட் ஷிஃப்ட் முடிந்து பஸ்ஸில் வந்து இறங்கியவர்கள் தூக்கக் கண்ணோடு எங்களைப் பார்த்துக்கொண்டு போனார்கள். நிழற்குடை வந்தது. நான் அவலை இறைத்தேன், அவன் தின்றான், நாங்கள் திரும்பினோம். நாலடி நல்லபடியாக வந்தவன் ஐந்தாவது அடியில் எழும்பி, முன்காலிரண்டையும் டீச்சர் இடுப்பில் வைத்தான். டீச்சர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். கத்தவில்லை, ஓடவில்லை. அவன் டீச்சர் முகத்தையே பார்த்தான். பிறகு ஒவ்வொரு காலாகக் கீழே இறக்கினான்.

டீச்சர் கண்ணைத் திறந்து மூச்சு விட்டார்.

"சரி, வா, போவோம்" என்றார் அவனிடம். எங்கே என்று மட்டும் சொல்லவில்லை.